ஆகாபும் இஸ்ரவேலின் ராஜாதான்

லீட்ஸ்

அன்புள்ள அம்மாவுக்கு,

தோத்திரம். நான் சுகம். இங்கே குளிர் வந்துவிட்டது, நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. நைட் டியூட்டி முடிந்து வந்து எழுதுகிறேன்.

இஸ்ரவேலை ஆசீர்வதிக்க வேண்டும் என்று வேதத்தில் இருக்கும்போது நீ ஏன் பாலஸ்தீனர்களுக்காக ஊர்வலம் போகிறாய் என்று போனில் கேட்டீர்கள். அவசரத்தில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

நான் போகும் மெதடிஸ்ட் சபையில் ஆராதனை முடிந்ததும் ஹாலில் டீ கொடுப்பார்கள். அங்கேதான் குவேக்கர் என்ற, போரே கூடாது என்று சொல்லும் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா பழக்கமானார். உலகத் திருச்சபைகள் மன்றம் 2002இல் தொடங்கிய திட்டத்தில் சேர்ந்து, இஸ்ரேல் பிடித்து வைத்திருக்கும் மேற்குக் கரையில், பாலஸ்தீனர்கள் வாழும் பெத்லகேமில் மூன்று மாதம் தங்கியவர். விடியுமுன்பே இஸ்ரேலியரின் செக்போஸ்ட்டுக்குப் போய்விடுவாராம். வேலைக்குப் போகிற ஆண்கள் கம்பி அடைத்த ஒடுக்கமான வழியில் நெருக்கியடித்து நிற்பார்கள். எத்தனை பேரை விட்டார்கள், எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினார்கள் என்று குறித்துக்கொள்வது இவர் வேலை. அப்புறம், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குத் துணையாக நடப்பார். வெளிநாட்டுக்காரர் கூட இருந்தால், பாலஸ்தீனர் நிலத்தில் வந்து குடியேறிய இஸ்ரேலியர்கள் கல்லெறியத் தயங்குவார்கள்.

நஸ்ஸார் என்ற கிறிஸ்தவக் குடும்பத்தைப் பற்றியும் சொன்னார். பெத்லகேமுக்குத் தென்மேற்கே, தாத்தா 1916இல் வாங்கிய தோட்டம். பத்திரம் பத்திரமாக இருக்கிறது. 1991இல் அதை அரசு நிலம் என்று இஸ்ரேல் அறிவித்தது. அன்றிலிருந்து கோர்ட்டும் வழக்கும்தான். 2014 மே மாதம் புல்டோசர் வந்து நூற்றுக்கணக்கான பழமரங்களைச் சாய்த்துவிட்டது. அப்படியும், 'நாங்கள் பகைவராக இருக்க மாட்டோம்' என்று கல்லில் எழுதி வாசலில் வைத்திருக்கிறார்கள்.

அம்மா, நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைச் சண்டேஸ்கூலில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தானே? நாபோத்தைக் கொல்லவிட்டு அந்தத் தோட்டத்தை எடுத்துக்கொண்ட ஆகாபும் இஸ்ரவேலின் ராஜாதான். கர்த்தர் எலியா தீர்க்கதரிசியை யாருக்கு எதிராக அனுப்பினார்?

2023 அக்டோபர் 7இல் ஹமாஸ் கொன்ற சுமார் 1,200 பேருக்காகவும், பிடித்துப்போன பிணைக்கைதிகளுக்காகவும் கண்ணீரோடு ஜெபித்தோம். அதே மாதம் 19ஆம் தேதி காசாவில் புனித போர்பிரியூஸ் என்ற கிறிஸ்தவ ஆலய வளாகத்தில் இஸ்ரேலின் குண்டு விழுந்து, அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் செத்தார்கள். காசாவில் சுமார் 19 லட்சம் பேர் வீடு இழந்து அலைந்தார்கள். அநேகமாக எல்லாரும் முஸ்லிம்கள்தான். அவர்களும் தேவன் படைத்தவர்கள் இல்லையா? மேற்குக் கரையில் ஒலிவ அறுவடைக்குப் பாலஸ்தீனர்களுக்குத் துணையாக யூத மதகுருக்களான ரபிகளே போய் நிற்கிறார்கள்.

இந்தியக் குடியுரிமை இருந்தும் எனக்கு இங்கே ஓட்டு உண்டு. அதனால் எம்.பி.க்கு எழுதுகிறேன், நேரிலும் போய்ப் பார்த்தேன். அந்த இஸ்ரேலியக் குடியேற்றங்களில் விளையும் பொருளை வாங்க வேண்டாம் என்று எங்கள் மெதடிஸ்ட் மாநாடு 2010இலேயே முடிவு செய்திருக்கிறது. பேரீச்சம்பழ பாக்கெட்டைத் திருப்பி, எங்கே விளைந்தது என்று பார்த்துத்தான் கூடையில் போடுகிறேன்.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எருசலேமின் சமாதானத்துக்காக ஜெபிக்கும்போது காசாவையும் பெத்லகேமையும் பேர் சொல்லி ஜெபிக்கச் சொல்லுங்கள். குருவானவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டலாம். நான் சொல்வது சரியில்லை என்று பட்டால் அதையும் எழுதுங்கள்.

அப்பா சுகர் மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாரா?

அன்பு மகள்