வீடியோக்காரங்க சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். ஆயுத பூஜை கும்பிட்டாச்சு, குற்றாலம் போயிட்டு வந்தாச்சு, பாளையங்கோட்டைல ரத்ததானம் நடந்துச்சு. போட்டோ குரூப்ல கெடக்கு, பாத்துக்கிடுங்க.

இந்த வருசம் நான் உருப்படியா செஞ்சது பாட்டு காப்பிரைட் வகுப்புதான். ஆடி மாசம் முகூர்த்தம் இல்லன்னு பாத்துத்தான் தேதி போட்டேன், அப்பவும் முன்வரிசை நாற்காலிகூட நெறயல. வராதவங்கதான் ஆவணி முடிஞ்சதும் ராத்திரில போனப் போட்டு, அண்ணாச்சி யூடியூப்ல சத்தத்த அமுக்கிட்டான், பொண்ணு வீட்ல ஏசுதாவன்னு பொலம்புதாங்க.

திரும்பவும் சொல்லுதேன். 1957 காப்பிரைட் சட்டத்துல 52ஆம் பிரிவுப்படி கல்யாணத்துல பாட்டு போடுறதும் மேளக்காரங்க சினிமா பாட்டு வாசிக்கதும் குத்தமில்ல, ஊர்வலமும் அதுல சேத்தி, 2023 ஜூலைல மத்திய அரசும் இதத்தான் சொல்லுச்சு. ஆனா அது கல்யாணம் நடக்க எடத்தோட சரி. நாம ஹைலைட்ஸ்ல சினிமா பாட்ட ஒட்டி நெட்ல ஏத்துறதுக்கு அந்தச் சலுக கெடயாது. யூடியூப்ல கிளெய்ம், அதாவது இது எங்க பாட்டுன்னு உரிமக்காரன் சொல்லுதது, வந்தா பதறாதீங்க, அவன் புகார் குடுத்து வீடியோவயே தூக்க வைக்க ஸ்டிரைக்தான் ஆபத்து, 90 நாளுக்குள்ள மூணு விழுந்தா சேனலே காலி.

அதுக்குத்தான் நாதஸ்வரத்த லைவா எடுங்கன்னு தொண்டத்தண்ணி வத்த கத்துதேன். தியாகராஜர் 1847லயே போயிட்டாரு, காப்பிரைட் காலமெல்லாம் எப்பவோ முடிஞ்சிருச்சு, அவர் கீர்த்தனைக்கு யாரும் உரிம கேட்டு வரமாட்டாங்க. சினிமா மெட்ட வாசிச்சா அது வேற கத. கெட்டிமேளத்துக்கு முந்தியே ஆடியோ லெவல எறக்கிருங்க, தவில் வெளுக்க ஆரம்பிச்சப்புறம் திருகுனா சத்தம் கிழிஞ்சதுதான், எடிட்டிங்ல ஒண்ணும் செய்ய முடியாது. வாசிக்கவங்களுக்கும் சட்டத்துல கலைஞர் உரிம இருக்கு, அட்வான்ஸ் வாங்கும்போதே பேசி கையெழுத்து வாங்கத்தான் ஒத்தப் பக்கத்துல சம்மதக் கடுதாசி அடிச்சுக் குடுத்தேன். பாதி ஆபீஸ்லயே கட்டுப் பிரிக்காம கெடக்கு, ஒரு உறுப்பினர் அதுல வடைய வச்சு எண்ணெய் புழிஞ்சத என் கண்ணால பாத்தேன், பேரு சொல்லல.

வரவு செலவு பொருளாளர்கிட்ட இருக்கு, பெருசா கையக் கடிக்கல. சந்தாதான் வரல. டிரோன் வாங்க துட்டு இருக்கு, சந்தான்னா மட்டும் அடுத்த முகூர்த்தம்ங்காங்க.

எடம் குடுத்த மண்டபத்துக்காரருக்கும் டீ வாங்கிட்டு வந்த தம்பிமாருக்கும் நன்றி.

அடுத்த வருசம் வேற யாராவது செயலாளரா வந்தா சாவிய சந்தோசமா குடுத்திருவேன். யாரும் வரலன்னா நான்தான் பாக்கணும், பாக்கேன். தை முகூர்த்தத்துக்கு முந்தி சந்தாவ ஜிபேல போட்டுட்டு ஆபீஸ் பக்கம் வந்தீங்கன்னா அந்தக் கடுதாசியவும் கையோட வாங்கிட்டுப் போவலாம், வடைக்கு வேற பேப்பர் தாரேன்.