கோயில் மண்டபத்துப் புரொஜெக்டர்: மோல்மீன் நண்பனுக்கு ஒரு கடிதம்

ரங்கூன்
பங்குனி மாதம்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்தது கேட்டு நிம்மதி. கோடை விடுமுறைத் தமிழ் வகுப்புக்கு இந்த வருஷம் அறுபது பிள்ளைகள் வருகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். அதனால்தான் புரொஜெக்டர் பற்றி நீ கேட்டதற்கு அரைகுறையாகப் பதில் எழுத மனமில்லை.

நீ எழுதிய குறை மூன்று. சின்ன மெஷினின் அடாப்டர் 'டப்' என்று வெடித்தது. நன்கொடையாக வந்த பெரிய மெஷின் அரை மணி நேரத்தில் தானே அணைந்து சிவப்பு விளக்கை மினுக்குகிறது. பின்வரிசைப் பிள்ளைகளுக்கு எழுத்து தெரியவில்லை. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. மெஷின் உயிரோடு இருந்தால்தானே மற்றது? ஆகவே கரண்டிலிருந்து தொடங்குகிறேன்.

அடாப்டரை, வோல்டேஜை ஏற்றிக்கொடுக்கும் ஸ்டெப்-அப் பெட்டியில் செருகியிருந்தீர்கள் என்று எழுதியிருக்கிறாய். அங்கேதான் வினை. நம் பர்மாவில் சாயங்காலம் வோல்டேஜ் 160-க்கு இறங்குவதும், கையால் திருகி 230-க்கு ஏற்றிக்கொள்வதும் பழக்கமாகிப் போய்விட்டது. பங்காவுக்கும் குழல்விளக்குக்கும் அது வேண்டியதுதான். ஆனால் திருகிவைத்த பெட்டி அதே விகிதத்தில்தான் பெருக்கிக்கொண்டிருக்கும். கரண்ட் போய்த் திரும்பி வரும்போது லைனில் 220 வந்தால், பெட்டியின் மறுபக்கம் சுமார் 316 வோல்ட் நிற்கும். அடாப்டருக்குள் அது டிசி, அதாவது நேர்மின்சாரம், ஆகும்போது உச்சம் ஏறக்குறைய 447. சின்ன அடாப்டர்களில் பெரும்பாலும் இருப்பது 400 வோல்ட் வரை தாங்கும் கெபாசிட்டர், மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் சின்ன உருளை. தலை உப்பி வெடித்தது அதுவாகத்தான் இருக்கும்.

அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் '100–240 வோல்ட்' என்று போட்டிருக்கிறதா பார். போட்டிருந்தால் 160-லும் அது சரியாகவே வேலை செய்யும். கொஞ்சம் கூடுதல் ஆம்பியர் இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஸ்டெப்-அப் தேவையே இல்லை. பெரிய மெஷினின் பின்புறத்திலும் அநேகமாக அதே எண்தான் இருக்கும். புரொஜெக்டர், லேப்டாப், போன் சார்ஜர் எல்லாவற்றையும் ஸ்டெப்-அப்புக்கு முந்திய பிளக்கில் போடு. நடுவில் ஒரு சேஃப்கார்ட் பெட்டி இருக்கட்டும். வோல்டேஜ் மிதமிஞ்சினால் அது துண்டித்துவிடும். கரண்ட் திரும்பியதும் சில நிமிஷம் பொறுத்துத்தான் விடும்.

ஜெனரேட்டரில் ஓட்டினால் முறை வேறு. எதையும் செருகாமல் இன்ஜினைக் கிளப்பி ஐந்து நிமிஷம் ஓடவிடு. மல்டிமீட்டரில் 220-க்கும் 240-க்கும் இடையே நிலையாக நிற்கிறதா என்று பார்த்த பிறகு புரொஜெக்டரைச் செருகு. நிறுத்தும்போது முதலில் புரொஜெக்டர், கடைசியில்தான் இன்ஜின். பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் திக்கித் திணறும் அந்தக் கடைசி அரை நிமிஷத்தில் வோல்டேஜ் தாறுமாறாக ஆடும். அது வரைக்கும் போகவிடாதே. இன்ஜின் சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றுவது கூடவே கூடாது. மழைக்குப் பயந்து ஜெனரேட்டரை மண்டபத் தாழ்வாரத்துக்குள் இழுத்து வைத்துவிடுகிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, பிள்ளைகள் தூங்குவதுபோலச் சாய்ந்துவிடுவார்கள். கட்டடத்திலிருந்து குறைந்தது இருபது அடி தள்ளி, புகை மண்டபத்துப் பக்கம் திரும்பாதபடி வை. இதை மட்டும் நிர்வாகக் குழுவிடம் சொல்லி எழுதி ஒட்டிவிடு.

பேட்டரியில் ஓட்டும் இன்வெர்ட்டர் என்றால், வீட்டுக் கரண்ட்போலவே சீரான அலை தரும் ப்யூர் சைன்வேவ் வகையாகப் பார்த்து வாங்கு. கணக்கு இதுதான்: 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1200 வாட்-மணி. ஈயப் பேட்டரி என்பதால் பாதிக்குமேல் உறிஞ்சக் கூடாது, ஆயுள் போய்விடும். மிச்சம் 600, இன்வெர்ட்டர் தின்பது போகக் கைக்கு வருவது 500. பெரிய மெஷின் 280 வாட், லேப்டாப் 50, ஸ்பீக்கர் 30 என்றால் ஒரு மணி இருபது நிமிஷம் ஓடும். சின்ன மெஷின் 60 வாட்தான் என்றால் அதே பேட்டரியில் மூன்றரை மணி நேரம். வகுப்புக்குச் சின்னதைத்தான் நம்பு என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் பெரிய மெஷினின் விளக்கு. உள்ளே இருப்பது பாதரச ஆவி விளக்கு. ஓடும்போது பயங்கர அழுத்தத்தில், பயங்கரச் சூட்டில் இருக்கும். அணைத்த பிறகும் ஒன்றிரண்டு நிமிஷம் விசிறி சுற்றி அதை ஆற்றியாக வேண்டும். கரண்ட் பட்டென்று போனால் விசிறியும் நின்றுவிடும், சூடு முழுக்க உள்ளேயே தங்கும். அப்படி ஆகும் ஒவ்வொரு தடவையும் விளக்கின் ஆயுள் குறையும். கரண்ட் வந்ததும் பதறிப்போய்ப் பொத்தானை அமுக்கினாலும் எரியாது. ஆறாத விளக்கு பற்றாது. பத்து நிமிஷம் பொறு. இதற்கு மலிவான பரிகாரம் ஒரு சின்ன யுபிஎஸ், கரண்ட் போனதும் சில நிமிஷம் பேட்டரியில் தாங்கும் பெட்டி. 650 விஏ போதும். படத்தைத் தொடர அல்ல. கரண்ட் போனதும் உடனே முறைப்படி அணைத்து, விசிறியைச் சுற்றவிட்டு ஆற்றத்தான். என்றாவது விளக்கு உள்ளே வெடித்துவிட்டால் கரண்டைத் துண்டித்துப் பிள்ளைகளை வெளியேற்றி, கதவு சன்னல் எல்லாம் திறந்து போட்டுவிடு. பாதரசமும் கண்ணாடித் தூளும் கலந்திருக்கும், வெறுங்கையால் தொடாதே.

அந்தச் சிவப்பு விளக்கு மினுக்குவது சூட்டைத்தான் சொல்கிறது. பக்கவாட்டில் காற்று உள்ளே போகும் கிராதியைக் கழற்றினால் ஒரு சல்லடைப் பஞ்சு இருக்கும். கோயிலில் இருந்த மெஷின் என்பதால் அதில் வெறும் தூசி மட்டும் இராது. கற்பூரக் கரி, சாம்பிராணிப் புகை, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சேர்ந்து கறுத்த கம்பளிபோல ஒட்டியிருக்கும். பிசுக்கு இருப்பதால் ஊதினால் போகாது. சோப்புத் தண்ணீரில் மெதுவாக அலசி, ஒரு நாள் முழுக்க நிழலில் உலர்த்தி மாட்டு. ஈரத்தோடு மாட்டாதே. பஞ்சு கிழிந்திருந்தால் அதே அளவில் மாற்று வாங்கு. பஞ்சே இல்லாமல் ஓட்டினால் கரி நேராக லென்ஸுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, படத்தில் மங்கலான கறுப்புத் திட்டாகத் தெரியும். அதை வெளியிலிருந்து துடைக்க முடியாது. தீபாராதனை நேரத்தில் மெஷினை அணைத்து மூடிவைக்கச் சொல். பாய், மெத்தை, துணி விரித்த மேசை மேல் வைக்காதே. நாலு பக்கமும் ஒரு அடி காற்றோட்டம் வேண்டும். பெரும்பாலான மெஷின்களுக்கு 35 டிகிரிதான் எல்லை. சித்திரை மத்தியானத்தில் நம் தகரக்கூரை மண்டபம் அதைத் தாண்டிவிடும், அந்த நேரத்தில் ஓட்டவே ஓட்டாதே.

இனி எழுத்து தெரியாத விஷயம். வெளிச்சம் போதுமா என்பதற்கு ஒரு எளிய வகுத்தல் இருக்கிறது. திரையின் பரப்பைச் சதுர அடியில் எடு. மெஷினின் ஆன்சி லூமெனை, அதாவது பொது அளவுமுறைப்படி அளந்த வெளிச்சத்தை, அதால் வகு. ஆறரை அடி அகலத்துக்கு உயரம் மூன்றேமுக்கால் அடி வரும், பரப்பு 24 சதுர அடி. 300 ஆன்சி லூமென் என்றால் பன்னிரண்டரை கிடைக்கும். டிஜிட்டல் சினிமாக் கொட்டகைக்கான அளவே 14-தான், ஆகவே நல்ல இருட்டில் உன் சின்ன மெஷின் போதும். குழல்விளக்கு எரியும் மண்டபத்தில் 40, 50 வந்தாலொழிய வெளுத்துப்போகும். பெட்டியின் மேல் '9000 லூமென்' என்று அச்சடித்திருப்பதை நம்பாதே, 'ஆன்சி' என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் பார். அதேபோல '1080 சப்போர்ட்' என்பது வேறு, 'நேட்டிவ் 1080' என்பது வேறு. முதலாவது, பெரிய படத்தை வாங்கிச் சுருக்கிக் காட்டும் என்பதுதான். முற்றத்தில் காட்டுவதென்றால் சித்திரையில் உங்கள் ஊரில் ஆறேகாலுக்குப் பொழுது சாயும். ஏழுக்கு முன்னால் தொடங்கிப் பயனில்லை.

ஆனால் உங்கள் மண்டபத்தில் குற்றம் வெளிச்சத்தில் இல்லை என்றே நினைக்கிறேன். நீ அனுப்பிய படத்தில் மெஷின் தரையில் ஒரு செங்கல் மேல் அண்ணாந்து நிற்கிறது; கோணலைக் கீஸ்டோன் திருத்தத்தால் சதுரமாக்கியிருக்கிறார்கள். மெஷின் அண்ணாந்தால் படம் மேலே அகன்று விழும். திருத்தம் என்ன செய்யும்? மேல்பக்கத்துப் புள்ளிகளைச் சுருக்கி, ஓரங்களை இருட்டாக்கிவிடும். எழுத்துக்குக் கிடைக்க வேண்டிய புள்ளிகள் வீணாகின்றன. அதோடு லென்ஸ் சாய்ந்திருப்பதால் கீழே தெளிவு வைத்தால் மேலே மங்கும், மேலே வைத்தால் கீழே மங்கும். அதை எந்தத் திருத்தமும் சரிசெய்யாது.

திரையின் அடிவிளிம்பு தரையிலிருந்து மூன்றரை அடியில் இருக்கட்டும், பாயில் உட்காரும் பிள்ளைகளின் தலை மறைக்காது. சின்ன மெஷின்களில் பெரும்பாலும் லென்ஸ் படத்தின் நடுவுக்கு நேராக நிற்க வேண்டும்; அப்படியானால் லென்ஸ் தரையிலிருந்து சுமார் ஐந்தேகால் அடி. பெரிய மெஷின் லென்ஸ் மட்டத்திலிருந்து மேல்நோக்கியே படத்தை எறியும், ஆகவே மேசை உயரம் போதும். தூரத்துக்கு த்ரோ ரேஷியோ என்று கையேட்டில் ஒரு எண் இருக்கும், பட அகலத்தைப்போல எத்தனை மடங்கு தூரம் என்பது. அது 1.2 என்றால் ஆறரை அடி அகலத்துக்கு ஏறக்குறைய எட்டு அடி. கீஸ்டோனைப் பூஜ்யத்தில் வைத்து, முக்காலியை நகர்த்தி, படம் தானே சதுரமாகும்வரை பார். கால் மணி நேரம் ஆகும். ஆனபின் தரையில் மூன்று காலுக்கும் பெயின்ட்டால் புள்ளி வைத்துவிட்டால் அடுத்த வாரம் இரண்டு நிமிஷ வேலை.

தெளிவு வைக்க நம் எழுத்தைவிட நல்ல அளவுகோல் கிடையாது. வெள்ளைப் பக்கத்தில் 'கண், கன்னம், அஞ்ஞானம்' என்று எழுதிக் காட்டு. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று புள்ளியை மட்டும் பார்க்கட்டும். மெஷின் பக்கத்தில் நிற்பவர் கண்ணை நம்பாதே. 'ண்' மேலுள்ள புள்ளி, எழுத்தோடு ஒட்டாமல் உருண்டையாகத் தனித்து நிற்க வேண்டும். நடுவில் நின்றால் போதாது, நாலு மூலையிலும் நிற்க வேண்டும். புள்ளி கரைந்தால் பிள்ளைகள் 'ண்'ணை 'ண' என்று படிப்பார்கள், பிழை பிள்ளைகள் மேல் விழும். மெஷின் சூடேற ஏறத் தெளிவு கொஞ்சம் நகரும், அதனால் பதினைந்து நிமிஷம் ஓடிய பிறகு இன்னொரு தரம் பார். கடைசி வரிசை திரை உயரத்தைப்போல ஆறு மடங்குக்குள், அதாவது 22 அடிக்குள் இருக்கட்டும். அதற்கு அப்பால் படம் பார்க்கலாம், பாடம் படிக்க முடியாது.

மெஷின் எட்டு அடியில் நிற்பதால் பிள்ளைகளுக்கு நடுவிலேதான் நிற்கும். சுற்றி மூன்று அடி விட்டு இரண்டு பெஞ்சைக் குறுக்கே போடு. முக்காலியின் நடுக்கொக்கியில் ஐந்து லிட்டர்த் தண்ணீர்க் கேன் ஒன்றைத் தொங்கவிட்டால் இடித்தாலும் லேசில் சாயாது. வயரை நடக்கும் வழியில் விடாமல் பின்பக்கமாகக் கொண்டுபோய்த் தரையோடு டேப் ஒட்டு. சுருட்டிய எக்ஸ்டென்ஷனை முழுக்கப் பிரித்துத்தான் பயன்படுத்த வேண்டும், சுருளோடு இருந்தால் சூடேறி உருகும். லென்ஸுக்குள் எட்டிப்பார்க்கக் கூடாது என்று முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடு. டீச்சர் திரைமுன் நிற்கும்போது ஒளிக்கு முதுகைக் காட்டி நிற்கட்டும். பகலில் லென்ஸ் மூடி கழறாமல் இருக்க வேண்டும்: நேர்வெயில் லென்ஸ் வழியே உள்ளே குவிந்தால் படத்தை உருவாக்கும் பேனல் பொசுங்கும்.

திரைக்கு வேட்டி கட்டுவது நம் பழைய வழக்கம்தான், ஆனால் பாதி வெளிச்சம் பின்னால் ஓடிவிடும். பின்புறம் ஒரு கறுப்புத் துணி சேர்த்துத் தைத்து, மேலும் கீழும் மூங்கில் செருகினால் சுருக்கமும் போகும்.

படம் ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை என்று டீச்சர் சொன்னது மெஷின் கோளாறல்ல. அந்தக் கோப்பில் ஒலி டால்பி வகையாக இருக்கும், சின்ன மெஷின்கள் பலவற்றுக்கு அது புரியாது. ஒலியை ஏஏசி ஆக மாற்றி எம்பி-4 கோப்பாகச் சேமித்தால் பேசும். புளூடூத் ஸ்பீக்கரில் வாய் அசைவும் சத்தமும் பெரும்பாலும் ஒன்றாக வராது, வயர் போடுங்கள். பர்மிய விளக்கத்தோடு செய்த பாடங்களைப் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ மாற்றிக் கொண்டுபோ. 2019 அக்டோபரில் நம் நாடு யூனிகோடுக்கு மாறின பிறகும், ஸாஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் கிடக்கும் கோப்புகள் நிறைய. மெஷினில் திறந்தால் தமிழும் கட்டம் கட்டமாக வரும், பர்மியமும் குழம்பும்.

வைகாசி பிறந்தால் உங்கள் ஊர் மழை தெரியும்தானே, ஆறு மாதம் ஈரம் காயாது. லென்ஸில் பூஞ்சை சிலந்திவலைபோலப் படரும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வை. வகுப்பு இல்லாவிட்டாலும் பத்து நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டு. பல்லியும் எறும்பும் காற்றுத் துளைக்குள் குடியேறுவதும் அதனால் தடைப்படும். ஈசல் பறக்கும் ராத்திரியில் கொஞ்சம் தள்ளி ஒரு குண்டு பல்பைப் போட்டுவிடு, அங்கே போய்விடும்.

புது அடாப்டர் வாங்கும் முன்பு வெடித்ததன் லேபிளைப் படம் எடுத்து அனுப்பு. வோல்ட், ஆம்பியர், பின்னின் நடுவில் கூட்டலா கழித்தலா என்ற குறி, மூன்றும் தெரிய வேண்டும். வோல்ட்டும் குறியும் அச்சாக ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. இங்கே கடையில் பார்த்து மோல்மீன் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். அதுவரை வேறு அடாப்டர் எதையும் செருகிப் பார்க்காதே.

உன் அன்பு நண்பன்