கார்டு அனுப்புமுன் படம் கேட்பது ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆப்பிள் டூ-ஈ (Apple IIe) என்ற பழைய கம்ப்யூட்டருக்குக் கார்டு, அதாவது உள்ளே செருகும் சர்க்யூட் பலகை, வாங்குகிறவர்களிடம், மூடியைத் திறந்து உள்ளே ஒரு படம், பவர் சப்ளையின் லேபிளை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்கிறோம். "பணம் கட்டிய பிறகு இது எதற்கு?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான்.

முதல் காரணம், எந்தக் கார்டு எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தான். 1983-இல் வந்த இந்த மெஷினில் கார்டு செருக 1 முதல் 7 வரை ஏழு ஸ்லாட்டுகளும், தனியாக ஒரு துணை ஸ்லாட்டும் உண்டு. பிரிண்டருக்கு 1, டிஸ்க் டிரைவுக்கு 6 என்பது பழக்கம். துணை ஸ்லாட்டில் 80 காலம் (column) கார்டு, அதாவது திரையில் ஒரு வரிக்கு 80 எழுத்து காட்டும் கார்டு, இருந்தால் 3-ஐக் காலியாக விடுங்கள். ஆன் செய்ததும் மெஷின் 7-இலிருந்து கீழ்நோக்கித் தேடி, முதலில் அகப்படும் டிரைவிலிருந்து கிளம்பும். புதிய டிரைவ் கார்டை 7-இல் போட்டுவிட்டு, "ஃபிளாப்பி ஓடவில்லை" என்று எங்களை அழைப்பவர்கள் பலர். மெஷினிலேயே உள்ள பேசிக் (BASIC) மொழியில் PR#6 என்று தட்டுங்கள், 6-இல் உள்ள ஃபிளாப்பி ஓடும்.

அடுத்தது மின்சாரம். 5 வோல்ட் லைனில் எல்லாக் கார்டுகளும் சேர்ந்து 500 மில்லிஆம்பியருக்குள் இருக்க வேண்டும் என்பது ஆப்பிள் வகுத்த அளவு. உங்களிடம் ஏற்கெனவே என்னென்ன கார்டு இருக்கிறது என்று தெரிந்தால்தான் இன்னொன்று தாங்குமா என்று சொல்ல முடியும். அமெரிக்காவிலிருந்து வந்த மெஷின் 110 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் பவர் சப்ளை போய்விடும். லேபிளைக் கேட்பது அதற்காகத்தான்.

கார்டு கைக்கு வந்ததும் அவசரப்படாதீர்கள். சுவிட்சை அணையுங்கள். மதர்போர்டில், அதாவது ஸ்லாட்டுகள் இருக்கும் பெரிய பலகையில், உள்ள சின்னச் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டதா என்று பாருங்கள். அது எரியும்போது கார்டைச் செருகவும் கூடாது, உருவவும் கூடாது. பவர் சப்ளையின் உலோகப் பெட்டியை ஒருமுறை தொட்டுவிட்டு அப்புறம் கார்டை எடுங்கள். கீபோர்டு உங்கள் பக்கம் இருக்கும்போது, கார்டில் சிப்புகள் உள்ள முகம் வலப்புறம் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் மெல்ல அசைத்து அழுத்தினால் உட்கார்ந்துவிடும். தங்க முலாம் பூசிய விளிம்பை ரப்பரால் தேய்க்க வேண்டாம், முலாம் போய்விடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நாங்கள் சொல்ல விரும்புவது டிஸ்க் டூ (Disk II) என்ற ஆப்பிளின் ஃபிளாப்பி டிரைவின் பட்டையான ரிப்பன் கேபிளைப் பற்றி. இந்தக் கேபிள் செருகும் கன்ட்ரோலர் கார்டில் 20 பின்கள் இரண்டு வரிசையாக நிற்கின்றன, சுற்றிலும் தடுப்பு கிடையாது. ஒரு பின் தள்ளிச் செருகினாலும் கேபிள் ஒழுங்காக உட்கார்ந்த மாதிரியேதான் தெரியும். ஆன் செய்த நொடியில் 12 வோல்ட் போகக்கூடாத இடத்துக்குப் போய், டிரைவின் போர்டில் உள்ள 74எல்எஸ்125 சிப் கருகும். டிரைவ் செத்துவிட்டது என்று எங்களிடம் வருபவற்றில் இந்தச் சிப்பைத்தான் முதலில் பார்ப்போம். சிப் விலை அற்பம். அதை மாற்றினால் டிரைவ் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனாலும் டார்ச் அடித்து, கேபிள் செருகிய இடத்தின் இரு ஓரங்களையும் பார்த்துவிட்டு ஆன் செய்யுங்கள்.

சந்தேகமாக இருந்தால், கேபிள் செருகிய இடத்தையும் படமெடுத்து ஆர்டர் எண்ணோடு அனுப்புங்கள். நாங்கள் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை சுவிட்சைத் தொட வேண்டாம்.

அன்புடன்,
கடையிலிருந்து