புதரை விட்டுவிட்டுப் பன்றியை மட்டும் சுட்டால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம். காப்புக்காட்டுக்கு 3 கி.மீ. அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையே சுடலாம் என்று 2025 ஜனவரியில் அரசு எடுத்த முடிவு பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். சரியான முடிவுதான். ஆனால் எங்கள் ஊருக்குப் பன்றிகள் காட்டிலிருந்து வருவதில்லை. கண்மாயில் ஆள் நுழைய முடியாதபடி மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலப் புதருக்குள் பகலெல்லாம் படுத்துக் கிடந்து, அங்கேயே குட்டியும் போட்டு, இருட்டியதும் கிளம்பி வருகின்றன. வீட்டுச் சாப்பாட்டுக்கென்று கொல்லையில் போட்ட மரவள்ளியைப் போன மாதம் ஒரே இரவில் கிளறிப் போட்டுவிட்டன. காலையில் போய்ப் பார்த்தால் பாதி கடித்த கிழங்குகள்தான் சேற்றில் கிடந்தன, சுற்றிக் கட்டிய பழைய சேலைகளும் கிழிந்து தொங்கின.

சுடுவதோடு, கண்மாய்க் கருவேலத்தையும் மழைக்கு முன்பே வேரோடு எடுக்க வேண்டும், ஊரை ஒட்டிய கரையிலிருந்து தொடங்கி.