வேட்டைப் படத்தில் இல்லாதவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணி ஓய்வுக்குப் பின் பழைய தோழர்களாகச் சேர்ந்து ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குச் சென்று வந்தவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அக்கட்டுரையில் குற்றம் காண்பது என் நோக்கமன்று. நானும் எழுபதை நெருங்கும் வயதில் மூன்று நண்பர்களோடு நமீபியாவுக்கு அப்படியொரு பயணம் போய் வந்தவன்தான். ஆகவே, அதில் இடம்பெறாத சிலவற்றை, குறிப்பாக நம் இராமநாதபுரம் கடற்கரையில் வாழ்வோர் அறிந்திருக்க வேண்டியவற்றை, எழுத எனக்குச் சற்று உரிமை இருப்பதாகக் கருதுகிறேன்.

நாங்கள் நால்வரும் கீழக்கரையில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒருவர் ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் முப்பது ஆண்டுகள் வணிகம் செய்து அங்கேயே வீடும் வைத்திருப்பவர்; எங்களை அழைத்தவர் அவரே. இன்னொருவர் கட்டடப் பொறியாளர். மற்றொருவர் மீனவர் குடும்பத்தில் பிறந்து வங்கிப் பணியில் ஓய்வு பெற்றவர். நான் பள்ளியில் புவியியல் கற்பித்தவன். செலவைப் பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது. வணிகர் பெரும்பகுதியை ஏற்காவிட்டால் என் ஓய்வூதியத்தில் அந்தப் பயணம் நடந்திராது.

தலைநகர் விந்தூக் கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. நாங்கள் தங்கிய பண்ணையும் மேட்டு நிலத்தில்தான் இருந்தது. உப்புக்காற்றிலும் வியர்வையிலும் வளர்ந்த எங்கள் உடம்புக்கு ஜூலை மாதத்து வறண்ட குளிர் ஒத்துக்கொள்ளவில்லை; உதடு வெடித்தது, மூக்கில் இரத்தம் கசிந்தது, விடியற்காலையில் முழங்கால் மடங்க மறுத்தது. நீரிழிவுக்கு ஊசி போட்டுக்கொள்ளும் பொறியாளர், காலை உணவுக்கு முன்பே கிளம்பி மூன்று மணி நேரம் நடந்தபோது, சர்க்கரை குறைந்து ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். வணிகரின் சட்டைப் பையிலிருந்த பேரீச்சம்பழம் அன்று காப்பாற்றியது. வயதானவர்களின் துணிச்சலைப் பாராட்டும் கட்டுரைகளில் இந்தப் பேரீச்சம்பழங்கள் ஏனோ விடுபட்டுவிடுகின்றன.

எனினும், அந்த நடையில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன். விலங்கின் மூக்குக்கு எட்டாமல் நெருங்க வேண்டுமானால் காற்றுக்கு எதிராகவே நடந்தாக வேண்டும் என்பதால், வழிகாட்டி ஒரு சிறு குப்பியில் சாம்பலை வைத்துக்கொண்டு, அடிக்கடி அதை அமுக்கி அது பறக்கும் திசையைப் பார்த்தபடி எங்களை நடத்திச் சென்றார். எங்கள் மீனவர் வீட்டு நண்பருக்குச் சாம்பல் தேவைப்படவில்லை. வாடை எது, கொண்டல் எது, சோழகம் எது, கச்சான் எது என்று கன்னத்தில் படும் காற்றை வைத்தே சொல்லும் ஊரில் பிறந்தவர் அவர். இரண்டாம் நாள், “காத்து திரும்புதுப்பா, நில்லு” என்று அவர் என் தோளைப் பிடித்து நிறுத்திய பிறகுதான் வழிகாட்டியின் சாம்பல் திரும்பியது. அந்த நாட்டுக்காரர் அவரை உற்றுப் பார்த்துவிட்டுத் தொப்பியைத் தொட்டது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அன்று மாலை வணிகர் பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுட்ட ஒரே குண்டில் ‘கூடு’ எனப்படும் ஆப்பிரிக்க மான் ஒன்று சாய்ந்தது. இறைச்சியைப் பண்ணைத் தொழிலாளர்கள் வீடுகளுக்குப் பிரித்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாளைப் பற்றித்தான் எழுத வேண்டும். இந்த நிகழ்வை வெளியிடப் பொறியாளரின் ஒப்புதலைப் பெற்றிருக்கிறேன். நீண்ட நேர் கொம்புகளையுடைய, கெம்ஸ்பாக் எனப்படும் மறிமான் ஒன்று நூறு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் நின்றது. மூன்று கால் தாங்கியின் மேல் துப்பாக்கியை வைத்து அவர் குறி பார்த்தார். அவருடைய வலது கண்ணில் புரை நீக்கி லென்ஸ் வைத்து ஓராண்டுகூட ஆகவில்லை. மேடேறி வந்த மூச்சு அடங்கவுமில்லை. முதல் நாள் பண்ணையில் அட்டையை வைத்துச் சுட்டுப் பார்த்தபோது நன்றாகத்தான் சுட்டார். ஆனால் அட்டைக்கு முன்னால் மூச்சு வாங்கவில்லை. குண்டு நெஞ்சில் படாமல் வயிற்றில் பட்டது. விலங்கு ஓடிவிட்டது. தடம் பார்ப்போர் இருவர் கல்லின் மேல் காய்ந்திருந்த இரத்தப் பொட்டுகளைத் தொடர்ந்து போக, நாங்கள் ஒரு முள்மரத்தடியில் நான்கு மணி நேரம் காத்திருந்தோம். தண்ணீர் இருந்தது, யாரும் குடிக்கவில்லை. பிற்பகலில் தொலைவில் ஒரு வெடிச்சத்தம் கேட்டது. வழிகாட்டி முடித்து வைத்துவிட்டார் என்று புரிந்தது. காயம்பட்ட விலங்கும் சுட்ட விலங்காகவே கணக்கில் ஏறும், அதற்குரிய கட்டணத்தையும் செலுத்தியாக வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். கட்டணத்தைச் செலுத்திய நண்பர் அந்த விலங்கின் அருகில் போய் நிற்க மறுத்துவிட்டார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. கண்ணும் கையும் மூச்சும் ஒன்றாக நிற்கும் என்ற உறுதி இல்லாதவர், எந்த நாட்டுச் சட்டம் இடம் தந்தாலும், உயிருள்ள ஒன்றின் மேல் குறி வைக்கக் கூடாது என்பது அன்றிலிருந்து என் கருத்து. அந்த உறுதி எங்கள் வயதில் எத்தனை பேருக்கு இருக்கும்?

இவ்வளவும் எங்கள் நால்வருக்குள் இருந்திருந்தால் இக்கடிதத்துக்குத் தேவை வந்திராது. ஆனால் கூடு மானின் அருகில் நால்வரும் நிற்கும் படம் ஒன்று, நாங்கள் ஊர் திரும்புவதற்கு முன்பே வாட்ஸ்அப் வழியாக ஊருக்குள் வந்து சேர்ந்துவிட்டது. அடுத்த மாதமே, நன்கு படித்து நல்ல பதவியில் ஓய்வு பெற்ற ஒருவர் என்னிடம் வந்து, நெற்றியில் கட்டும் டார்ச்சும் ஏர்கன்னும் இருப்பதாகவும், சீமைக்கருவேலங்காட்டில் முயலும் கவுதாரியும் நிறைய இருப்பதாகவும், கண்மாயில் நீர் நிற்கும் காலத்தில் தாரா எனும் காட்டு வாத்தும் கிடைக்கும் என்றும் சொல்லி, ஓர் இரவு வருமாறு அழைத்தார். நான் மறுத்தபோது அவர் கேட்டார்: “நீங்க அங்க போய்ச் சுட்டா பெருமை, நாங்க இங்க சுட்டா தப்பா சார்?”

அவருக்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. அட்டவணைகளில் இடம்பெற்ற உயிரினங்களைச் சுடுவது மட்டுமன்றி, கண்ணி வைப்பதும் பிடிப்பதும் பிடிக்க முயல்வதும்கூட அச்சட்டத்தின்படி வேட்டைதான். முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் என்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. நமீபியாவிலோ அனுமதிச் சீட்டும் பதிவு பெற்ற வழிகாட்டியும் இல்லாமல் வெளிநாட்டவர் வேட்டைக்கு இறங்க முடியாது. இரவில் சுட இடமில்லை. எந்த விலங்குக்கு எவ்வளவு வலுவான குண்டு என்பதுவரை வரையறை உண்டு. 1996இல் அங்கே கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தம், பொது நிலத்தில் வாழும் ஊரார் தாங்களே காப்பகங்கள் அமைத்து, விலங்குகளை எண்ணிக் காத்து, அவற்றால் வரும் வருவாயைப் பெறவும் வழி செய்தது. அந்த ஏற்பாட்டையும் குறை சொல்வோர் உண்டு; அண்டை நாடான போட்சுவானா 2014இல் வேட்டையை நிறுத்தி 2019இல் மீண்டும் திறந்தது; கென்யா 1977இல் மூடிய கதவை இன்றுவரை திறக்கவில்லை. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. எண்ணிக்கையும் பொறுப்பாளரும் இல்லாத கருவேலங்காட்டு இரவு வேட்டைக்கு நமீபிய ஏற்பாட்டை மேற்கோள் காட்ட முடியாது என்பதைச் சொல்ல மட்டும் தகுதியுண்டு. இன்றைய சத்தீஸ்கரில் இருந்த கொரியா சமஸ்தானத்து மன்னர் 1947இல் சுட்ட மூன்றோடு நம் நாட்டில் சிவிங்கிப்புலியின் கதை ஏறத்தாழ முடிந்து, 1952இல் அது அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் எட்டுச் சிவிங்கிப்புலிகளை விமானத்தில் ஏற்றி மத்தியப் பிரதேசத்துக் குனோவுக்குக் கொண்டுவந்தோமே, அவை எந்த நாட்டிலிருந்து வந்தன? அதே நமீபியாவிலிருந்துதான்.

நம் கடற்கரைக்கும் ஒரு பெருவிலங்கு இருந்தது. ஆவுளியா என்று நாம் அழைக்கும் கடல் பசு. மூன்று மீட்டர் நீளமும் நானூறு கிலோ எடையும் வரை வளரும் அந்த விலங்கின் இறைச்சியைப் பங்கு போட்டுத் தின்ற வீடுகளை என் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். எழுபது ஆண்டுகள் வரை வாழக்கூடிய அது, குட்டி போடும் பருவம் எய்தவே பத்தாண்டு அளவில் ஆகும்; அதன்பின் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒற்றைக் குட்டி. ஆண்டுதோறும் குட்டி போடக்கூடிய மறிமானின் கணக்கு இதற்குப் பொருந்தாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. பாக் விரிகுடாவின் வடபகுதியில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரமாக 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடல் பசுவுக்கெனக் காப்பகம் அறிவிக்கப்பட்டதோ 2022இல்தான். இறைச்சியைப் பங்கு போட்ட அந்த வீட்டுப் பேரன்கள் இன்று வலையில் சிக்கும் ஆவுளியாவை வலையை அறுத்தாவது விடுவிக்க வேண்டியவர்கள்.

இதில் என்னை உறுத்தும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. 2001இல் கடல் அட்டை முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. மூச்சைப் பிடித்து மூழ்கி அதை எடுத்துப் பிழைத்த குடும்பங்கள் எத்தனையோ அன்றோடு தொழிலை இழந்தன. இன்றும் ஒரு வாளி அட்டைக்காக வழக்கைச் சுமப்பவர்கள் நம் கரையில் உண்டு. வயிற்றுக்காகக் கடலில் இறங்கியவருக்குச் சட்டம் இவ்வளவு கடுமையாக இருக்க, பொழுதுபோக்குக்காக முயலைச் சுட்டுப் படம் பிடித்துப் பகிரும் ஓய்வூதியக்காரருக்கு மட்டும் அது விளையாட்டாகத் தெரிவது எப்படி? எங்கள் படமும் அந்த விளையாட்டுக்கு எண்ணெய் ஊற்றியது என்பதால், அதை நீக்குமாறு எனக்குத் தெரிந்த குழுக்கள் அனைத்திலும் கேட்டுக்கொண்டேன். சிலர் நீக்கினர்.

இதை வாசிக்கும் மூத்தவர்களுக்கு வெளிநாட்டு வேட்டைக்கு அழைப்பு வந்தால், முதலில் இதய மருத்துவரையும் கண் மருத்துவரையும் பாருங்கள். பயணக் காப்பீட்டில் வேட்டை அடங்குமா, முன்பே இருக்கும் நோய்கள் அடங்குமா என்பதை எழுத்தில் கேளுங்கள். என்னிடம் வாயால் ‘ஆம்’ என்ற முகவர், பத்திரத்தின் சிறிய எழுத்தைக் காட்டியபோது வாய் மூடிக்கொண்டார். சுடாமல் உடன் நடந்தால் போதும் என்று சொல்லத் தயங்காதீர்கள். நானும் மீனவர் வீட்டு நண்பரும் அப்படித்தான் போனோம், எங்களை யாரும் குறைவாக நினைக்கவில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய பயணக் கட்டுரைகளை வெளியிடும்போது, நம் நாட்டில் வேட்டை குற்றம் என்பதை ஒரு சிறு கட்டத்திலாவது அச்சிடுங்கள். சக்கரக்கோட்டை, சித்திரங்குடி, கஞ்சிரங்குளம், தேர்த்தங்கல் எனப் பறவைச் சரணாலயங்களாகவே அமைந்த கண்மாய்கள் நிறைந்த இந்த மாவட்டத்தில், வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் ஒருமுறையும், நீர் நிறைந்து பறவைகள் வந்து சேர்ந்தபின் ஒருமுறையும் அதை வெளியிட்டால் நல்லது.

கூடு மானின் கொம்புகள் என்னவாயின என்று பலரும் கேட்கிறார்கள். அனுமதியும் சுங்கமும் பெரும் சிக்கல் என்பதால் வணிகர் வீட்டுத் திண்ணையிலேயே அவற்றை விட்டுவந்தோம். அவர் அங்கே போகும்போதெல்லாம் ஈரத் துணியால் துடைத்து வைப்பதாகச் சொல்கிறார். பொறியாளர் மட்டும் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
கீழக்கரை.