உள்ளூர்க்காரனுக்கு எத்தனை மதிப்பெண்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கணினி விளையாட்டு பிள்ளைகளின் புத்தியைக் கெடுக்கிறது என்று இப்பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். விடுமுறைக்கு வந்த என் பேரனும் அதுவே கதியென்று கிடந்தான். 'அவுட் ஆஃப் தி பார்க்' என்ற பேஸ்பால் விளையாட்டு. மட்டை பிடிப்பதைவிட அணியை நிர்வகிப்பதே அதில் வேலை. நாற்பது வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதியவன் நான். பக்கம் பக்கமாக எண்களைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அதில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் புகழ் இரண்டு பத்தியாக எழுதப்படுகிறது: நாடு முழுவதும் எவ்வளவு, உள்ளூரில் எவ்வளவு என்று. ஊரார் கொண்டாடும் ஆளை வேறு அணிக்குத் தள்ளிவிட்டால் ரசிகர்களின் ஆர்வம் இறங்கும். பேரன் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்துப் பால்டிமோர் அணியின் நட்சத்திரம் கால் ரிப்கனையே கைமாற்றிவிட்டான். ரிப்கன் அந்த மாநிலத்திலேயே பிறந்தவர். 1981 முதல் 2001 வரை வேறு அணிச் சட்டை போட்டதில்லை; தொடர்ச்சியாக 2,632 ஆட்டங்கள் ஆடியவர். 1988இல் அணி முதல் 21 ஆட்டங்களிலும் தோற்றது. ஆறாவது தோல்வியோடு மேலாளராக இருந்த அவருடைய அப்பாவை நீக்கினார்கள். மகன் ஆடிக்கொண்டேதான் இருந்தார்.

அவரைக் கொடுத்ததும் ஆர்வம் சரிந்தது. அடுத்த பருவத்தில் அணி வெல்லவும் ஏறிவிட்டது. "பார்த்தீர்களா தாத்தா, மறந்துவிட்டார்கள்" என்றான் பேரன்.

எனக்கு ஒப்பவில்லை. நாங்குநேரிப் பக்கம் எங்கள் கிராமத்தில் ஒரு பொங்கல் கபடிப் போட்டிக்கு வெளியூர் ஆட்டக்காரர் நான்கு பேரைக் காசு கொடுத்து இறக்கினார்கள். பாடிப் போவதில் சூரனான உள்ளூர்ப் பையனை உட்காரவைத்தார்கள். வயலில் மருந்தடித்துவிட்டு அந்தக் கையோடு ஆட வருகிறவன் அவன். கோப்பை வந்தது. அது தெருவுக்குள் நுழைந்தபோது எட்டிப் பார்க்க ஆளில்லை. இருபத்தைந்து வருடம் ஆகிறது. இன்றும் கோயில் கொடைக்கு வரி கேட்டுப் போனால், "அந்த நாலு பேரிடம் போய் வாங்குங்கள்" என்று கதவைச் சாத்தும் ஆச்சி ஒருத்தி இருக்கிறாள். எந்த வெற்றியை வைத்து அவளுடைய கணக்கை நேர் செய்வது?

1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற கபடி அணியில் ஆடியவரை மணத்தி கணேசன் என்று ஊரைச் சேர்த்தே சொல்கிறோம். மாறாக, சங்கர் நகரில் 2023 டி.என்.பி.எல். கிரிக்கெட் இறுதியாட்டத்தில் கோவையிடம் தோற்ற நெல்லை அணிக்கு நானும் கை வலிக்கத் தட்டினேன். யார் யாரென்று சொல்லப் பக்கத்து இருக்கைப் பையன் வேண்டியிருந்தது. நான் தட்டியது சட்டையில் இருந்த ஊர்ப் பெயருக்கு.

நம் பொறியியல் கல்லூரி மாணவர்கள் யாராவது கபடிக்கு இப்படியொரு விளையாட்டு எழுதினால், ஆட்டக்காரர் பிறந்த ஊருக்குத் தனிப் பத்தி வையுங்கள். வருத்தத்துக்கும் ஒன்று வையுங்கள். அது வருடக் கடைசியில் பூஜ்யமாகக் கூடாது. கணக்குச் சரிபார்க்க நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம்.

ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்க எழுத்தர்,
பாளையங்கோட்டை