சமூகவியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

சேலத்தில் முதுகலை மாணவர்களுக்குச் சமூகவியல் கற்பித்துவருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். முதல் பருவத்தில் செவ்வியல் கோட்பாடு, மூன்றாம் பருவத்தில் பிற்காலக் கோட்பாடு என்று தனித்தனியாக நிற்கும் இரு தாள்களையும் இந்த ஆண்டுத் திருத்தத்தில் இணைத்துத் தாருங்கள். மூல நூலில் ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் எவரும் தேறிவிடக்கூடிய நிலையையும் மாற்றுங்கள்.

சென்ற பருவத் தேர்வில் பிரெஞ்சுச் சமூகவியலாளர் துர்கைமின் வேலைப் பகுப்புக் கோட்பாட்டை, அதாவது வேலைகள் பிரிந்து ஒருவரையொருவர் சார்ந்திருப்பதே மக்களிடையே ஒற்றுமையை வளர்க்கும் என்பதை, விளக்கச் சொல்லிப் பத்து மதிப்பெண் வினா வந்தது. செவ்வாய்ப்பேட்டையைச் சேர்ந்த மாணவி ஒருவர் தம் தாயார் வேலை செய்யும் கொலுசுப் பட்டறையை வைத்து விடை எழுதியிருந்தார். வெள்ளியை உருக்குபவர் ஒருவர், கம்பி இழுப்பவர் ஒருவர், பற்றவைப்பவர் ஒருவர், மெருகு போடுபவர் ஒருவர்; ஒருவர் கை ஓய்ந்தால் மற்றவர் கையும் ஓய்ந்துவிடும். இவ்வளவு சார்ந்திருந்தும் அவர்களுக்குள் ஒற்றுமை ஏன் வளரவில்லை, எந்த வேலை யாருக்கு என்பதைப் பிறப்பு ஏன் முடிவு செய்கிறது என்று அவர் கேட்டிருந்தார். விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தபோது மூன்று மதிப்பெண்ணும், ஓரத்தில் சிவப்பு மையில் ‘பாடத்திற்கு வெளியே’ என்ற குறிப்பும் இருந்தன.

அது பாடத்திற்கு வெளியே அன்று. இந்தக் கோட்பாட்டை முன்வைத்து 1893-இல் வெளிவந்த ‘சமூகத்தில் வேலைப் பகுப்பு’ என்ற நூலின் மூன்றாம் பகுதியில், திணிக்கப்பட்ட வேலைப் பகுப்பு ஒற்றுமையைத் தராது என்று துர்கைமே வாதிடுகிறார். அங்கே சாதியையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். நம் மாணவர்கள் நம்பியிருக்கும் வழிகாட்டி நூல்களோ இரண்டாம் பகுதியோடு நின்றுவிடுகின்றன. சாதி என்பது வேலைகளின் பிரிவினை மட்டுமன்று, வேலை செய்வோரின் பிரிவினையும்கூட என்று அம்பேத்கர் 1936-இல் எழுதியதை இந்தப் பகுதியின் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு வகுப்பே விழித்துக்கொள்ளும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தாள்களைப் பிரிப்பதில் இன்னொரு இழப்பும் உண்டு. ‘செவ்வியல்’ சிந்தனையாளர்கள் என்ற வரிசையே பின்வந்தவர்கள் கட்டியது. அமெரிக்கச் சமூகவியலாளர் பார்சன்ஸ் 1937-இல் மார்ஷல், பரேட்டோ, துர்கைம், வெபர் ஆகிய நால்வரை மையமாக வைத்து எழுதினார். அந்த நால்வரில் மார்க்ஸ் இல்லை. மார்க்ஸ், துர்கைம், வெபர் மூவரையும் ஒருசேர வைத்து பிரிட்டிஷ் சமூகவியலாளர் கிடன்ஸ் 1971-இல் ஒரு நூலே எழுதினார். நவீன வாழ்வின் ஒழுங்கு மனிதரைச் சிறைப்படுத்துவதைக் குறித்து நாம் ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்கும் வெபரின் ‘இரும்புக் கூண்டு’கூட பார்சன்ஸின் 1930 ஆங்கில மொழிபெயர்ப்பு தந்த சொல்தான், ஜெர்மன் மூலத்தில் இருப்பது எஃகைப் போல் இறுகிய உறை என்ற பொருள்படும் தொடர். இவற்றையெல்லாம் முதல் பருவ மாணவரிடமிருந்து மறைத்துவிட்டு, பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் மனப்பாடம் செய்யச் சொல்கிறோம்.

ஒவ்வோர் அலகிலும் மூல நூலின் ஓர் இயலையும், அதோடு பிற்காலத்தவர் ஒருவர் நடத்திய வாதத்தையும் கட்டாயமாக்குங்கள். அந்த இயல்களைத் தமிழில் தர ஆசிரியர்கள் நாங்கள் உழைக்கத் தயார். வட்டார வாழ்விலிருந்து எடுத்துக்காட்டும் விடைகளுக்கு உரிய மதிப்பெண் வழங்குமாறு திருத்துவோருக்கு எழுத்தில் அறிவுறுத்துங்கள்.

மாணவியின் இசைவோடு, பெயரும் பதிவெண்ணும் மறைக்கப்பட்ட அந்த விடைத்தாள் நகலை இம்மடலுடன் இணைத்துள்ளேன். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

இப்படிக்கு,
சமூகவியல் ஆசிரியர் ஒருவர்,
சேலம்